தாய்ப்பாலை மறக்கடிக்கும்போது குழந்தைக்குப் போதிய பால் கிடைக்கிறதா என்பதை எப்படி அறிவது?

தூக்கம்தொலைத்தவள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 15 மாதங்கள் நிறைவடைந்துவிட்டன. இன்னும் இரண்டு மாதங்களில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருப்பதால், தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக மறக்கடிக்கத் தொடங்கியிருக்கிறேன். விடியற்காலையில் ஒருமுறை, மதியத் தூக்கத்துக்கு முன் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, இரவு படுக்கும்போது ஒருமுறை என நாளொன்றுக்கு நான்கு முறை குடித்துக்கொண்டிருந்தாள். இவை போக நள்ளிரவில் இரண்டு முறையாவது விழித்து மார்பைத் தேடுவாள். சென்ற வாரம் மாலைப் பாலை நிறுத்தினேன். அதற்கு ஈடாகப் பசும்பாலைக் காய்ச்சி ஆற்றிச் சிறிய டம்ளரில் கொடுத்தால், இரண்டு வாய் குடித்துவிட்டு மூன்றாவது வாயை அப்படியே துப்பிவிடுகிறாள்.

என் கவலையெல்லாம் அளவைப் பற்றியதுதான். மார்பில் குடித்தவரை அவள் எவ்வளவு குடித்தாள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது டம்ளரில் அளக்க முடிவதால், அதில் மிஞ்சிக் கிடப்பது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நேற்று முழுநாளும் சேர்த்து 70 மி.லி. பசும்பாலைத்தான் குடித்திருக்கிறாள். இந்த வயதுக் குழந்தைக்கு அரை லிட்டர் வேண்டும் என்று ஓரிடத்திலும், முக்கால் லிட்டர் வரை கொடுக்கலாம் என்று இன்னோரிடத்திலும் படித்தேன். தயிரை மட்டும் விரும்பி உண்பாள். நாளொன்றுக்கு இரண்டு சிறு கிண்ணம், ஏறக்குறைய 150 கிராம் உள்ளே போகும். மற்ற உணவுகளை ஒருநாள் நன்றாக உண்பாள், மறுநாள் தொடவே மாட்டாள். எடை 9.4 கிலோ.

புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிடுவாள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இதுவரை அவள் புட்டியைக் கண்டதே இல்லை, இனிமேல் பழக்கலாமா? தாய்ப்பால் குறையக் குறைய எவ்வளவு பசும்பால் கொடுக்க வேண்டும்? அவள் குடிக்கவே மறுத்தால் என்ன செய்வது?

மூன்றுபேருக்குஅம்மா

இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை, சகோதரி. சர்க்கரையோ சாக்லேட் மாவோ ஒரு தேக்கரண்டி கலந்து புட்டியில் கொடுத்துப் பாருங்கள், மறுபேச்சில்லாமல் குடித்துவிடுவாள். என் பிள்ளைகள் மூவரும் மூன்று வயது வரை நாளுக்கு ஒரு லிட்டர் பால் குடித்தே வளர்ந்தார்கள். சோறு இறங்காத நாளில் பாலாவது வயிற்றில் இருக்கிறதே என்ற நிம்மதியும் நமக்குக் கிடைக்கும்.

உணவுக்கணக்கு

தோழி, குழந்தைகளின் உணவு ஆலோசனை சார்ந்த பணியில் இருப்பவள் நான். உங்கள் மகளை நேரில் பார்க்காத நிலையில் நான் எழுதுபவை பொதுவானவையே. அவளுக்கென்று தனியாக எதையும் முடிவு செய்ய வேண்டுமானால் அவளைப் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள்.

முதலில் அந்த 70 மி.லி.யைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, தாய்ப்பால் இதுவரை எதைக் கொடுத்துவந்தது என்று பார்ப்போம். ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 900 கிலோகலோரி ஆற்றல் தேவைப்படுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு வரை தாய்ப்பாலிலிருந்து கிடைக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது ஏறக்குறைய 300 கிலோகலோரி. 100 மி.லி. தாய்ப்பாலில் 65 முதல் 70 கிலோகலோரி இருப்பதால், இது ஏறக்குறைய 450 மி.லி. தாய்ப்பாலுக்குச் சமம். கொழுப்பு நீக்காத பசும்பாலிலும் ஆற்றல் கிட்டத்தட்ட இதே அளவுதான். அப்படியானால் 450 மி.லி. தாய்ப்பாலுக்குப் பதில் 450 மி.லி. பசும்பால் என்று கணக்குப் போடத் தோன்றும். பெரும்பாலான தாய்மார்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இரண்டு பாலும் ஒன்றல்ல. 100 மி.லி. தாய்ப்பாலில் கால்சியம் ஏறக்குறைய 30 மி.கி. இருக்கும், பசும்பாலில் அது 120 மி.கி. புரதமோ தாய்ப்பாலில் 1 கிராம், பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். தாய்ப்பாலில் உள்ள கால்சியத்தை உடல் கூடுதலாக ஏற்றுக்கொள்ளும் என்பது உண்மையே. அதற்கு இடம் கொடுத்துப் பார்த்தாலும், 450 மி.லி. தாய்ப்பால் தந்துவந்த கால்சியத்தை அதில் பாதியளவு பசும்பாலே தாராளமாக ஈடுசெய்துவிடும். எஞ்சியிருப்பது ஆற்றலும் கொழுப்பும் நீரும். ஆற்றலையும் கொழுப்பையும் பாலிலிருந்துதான் பெற வேண்டும் என்பதில்லை. முட்டை, தயிர், பாலாடைக்கட்டி, மசித்த கிழங்கில் கலந்த வெண்ணெய், உணவில் சேர்க்கும் எண்ணெய் ஆகியவை அந்த வேலையைச் செய்யும். நீருக்குத் தண்ணீர் இருக்கிறது.

நீங்கள் படித்த அளவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கும் காரணம் உண்டு. 12 முதல் 24 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் மூன்று கோப்பை, அதாவது 480 முதல் 720 மி.லி. வரை என்பது அமெரிக்க வழிகாட்டுதல். பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையோ குறைந்தது 350 மி.லி. பால், அல்லது பாலில் செய்த உணவுகளில் இருமுறை என்கிறது. ஐரோப்பியக் குழந்தை இரைப்பைக் குடலியல் வல்லுநர்கள் 500 மி.லி.யைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். இந்த வயதுக்கான கால்சியத் தேவையாக அமெரிக்கா 700 மி.கி. என்றும் பிரிட்டன் 350 மி.கி. என்றும் வகுத்திருப்பதிலேயே, இது கத்தி முனையில் நடக்கும் காரியமன்று என்பது விளங்கும். இரண்டு நாடுகளிலும் குழந்தைகள் வளரத்தான் செய்கிறார்கள்.

இனி உங்கள் மகளின் நேற்றைய நாளைப் பார்ப்போம். 70 மி.லி. பசும்பாலில் ஏறக்குறைய 85 மி.கி., 150 கிராம் தயிரில் 180 மி.கி., இன்னும் தொடரும் மூன்று வேளைத் தாய்ப்பாலில் சுமாராக 90 மி.கி. என்று வைத்துக்கொண்டால், பிரிட்டன் வகுத்த அளவை அவள் நேற்றே எட்டிவிட்டாள். டம்ளரை மட்டும் பார்த்த உங்கள் கண்ணுக்குத் தயிரும் மார்பும் தெரியாமல் போய்விட்டன. தாய்ப்பால் முழுவதும் நின்ற பிறகு, பாலும் தயிரும் பாலாடைக்கட்டியும் சேர்த்து 350 முதல் 500 மி.லி. பாலுக்கு ஈடான அளவு கிடைத்தால் போதும். தயிரைக் கிட்டத்தட்ட அதே எடைப் பாலாகக் கொள்ளலாம்; 20 கிராம் கெட்டியான பாலாடைக்கட்டியில் 100 மி.லி. பாலுக்குக் குறையாத கால்சியம் இருக்கும்.

அவள் ஏன் துப்புகிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பாலில் பால்சர்க்கரை ஏறக்குறைய 7 சதவீதம். பசும்பாலில் 5 சதவீதத்துக்கும் குறைவு. அவள் இதுவரை குடித்தது இதைவிட இனிப்பானது, உடற்சூட்டில் இருந்தது, நீங்கள் உண்டதற்கேற்ப நாளுக்கு நாள் சற்றே சுவை மாறியது. அதோடு ஒப்பிட்டால் காய்ச்சிய பால் அவளுக்கு வேற்று ஊர்க்காரர்தான். பாலைப் பீய்ச்சி எடுக்க முடிந்தால் மூன்று பங்கு தாய்ப்பாலுக்கு ஒரு பங்கு பசும்பால் எனத் தொடங்கி, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை பசும்பாலின் பங்கைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். பீய்ச்ச முடியாவிட்டால், வெதுவெதுப்பாக 30 மி.லி. மட்டும் ஊற்றி, உணவோடு வைத்துவிட்டு, குடிக்கச் சொல்லி வற்புறுத்தாமல் இருங்கள். நிறைந்த டம்ளரைக் கண்டால் குழந்தை மிரளும்; மிஞ்சியதைக் கண்டால் நீங்கள் மிரளுவீர்கள். புதிய சுவையொன்றை ஏற்றுக்கொள்ளப் பத்து, பதினைந்து முறைகூடக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

சர்க்கரை வேண்டாம். சர்க்கரை கலந்த பாலைக் கேட்கும் குழந்தையைப் பிறகு அதிலிருந்து மறக்கடிக்க வேண்டியிருக்கும். இரண்டு வயது வரை கொழுப்பு நீக்கிய பாலும் வேண்டாம். பதப்படுத்தாத பாலாக இருந்தால் காய்ச்சாமல் கொடுக்கவே கூடாது. புட்டியைப் பற்றி: 12 மாதம் முதல் 18 மாதத்துக்குள் புட்டியை விட்டுவிடச் செய்யுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லும் வயதில் நிற்கும் குழந்தைக்கு, இதுவரை அறியாத புட்டியைப் புதிதாக அறிமுகப்படுத்துவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

பாலால்பட்டவள்

முதல் மறுமொழி எழுதிய அக்காவின் மீது எனக்குக் கோபமில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் நம்பினேன். ஆனால் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை.

என் மகனுக்கு 13 மாதத்தில் தாய்ப்பாலை ஒரே வாரத்தில் நிறுத்தினேன். ஈடுகட்ட வேண்டும் என்ற வெறியில் கேட்ட போதெல்லாம் புட்டி கொடுத்தேன். காலையில் 240, மதியம் 240, மாலையில் 240, இரவில் 240, நடுவில் அழுதால் இன்னும் கொஞ்சம். கொழுகொழுவென்று இருந்தான், எடைக் கோட்டுக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தான். உணவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், மலம் கல்லாய்க் கட்டிப்போயிருக்கும், இரண்டையும் குழந்தையின் சுபாவம் என்று எடுத்துக்கொண்டோம். 26 மாதத்தில் வேறொரு காரணத்துக்காக மருத்துவரிடம் போனபோது, அவர் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். ஹீமோகுளோபின் 8.9. அந்த வயதில் 11க்குக் கீழே இறங்கினாலே இரத்தசோகை என்றார்.

பாலில் இரும்புச்சத்து மிகமிகக் குறைவு என்பதும், அதிலுள்ள கால்சியமும் புரதமும் மற்ற உணவிலிருக்கும் இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும் என்பதும், பாலால் நிறைந்த வயிற்றில் இரும்புச்சத்துள்ள உணவுக்கு இடமே இராது என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். இந்த வயதில் நாளொன்றுக்கு 7 மி.கி. இரும்பு தேவை; ஒரு லிட்டர் பால் ஒரு மில்லிகிராமைக்கூடத் தராது. புட்டியை நிறுத்தி, பாலை 400 மி.லி.யாகக் குறைத்து, இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை மூன்று மாதம் கொடுத்தோம். அந்த மருந்தைப் பாலோடு கொடுக்கக் கூடாது என்று தனியாக எச்சரித்தார். முதல் பத்து நாட்கள் வீட்டில் ஓயாத அழுகை. அதன் பிறகு ஒருநாள், யாரும் சொல்லாமலே என் தட்டிலிருந்து முட்டையை எடுத்துத் தின்றான்.

ஆகவே பால் போதவில்லையே என்று கவலைப்படும் அதே வேளையில், இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, கீரை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நாள்தோறும் உள்ளே போகிறதா என்பதையும் பாருங்கள். பருப்பும் கீரையும்தான் என்றால், கூடவே ஒரு துண்டு புளிப்பான பழம் கொடுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடலில் ஏற்றும்.

மூன்றுபேருக்குஅம்மா

என் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று எழுதிவிட்டேன். உண்மையில் அவர்களுக்கு இரத்தப் பரிசோதனை எதுவும் நாங்கள் செய்ததில்லை. சர்க்கரை பற்றிச் சொன்னதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தூக்கம்தொலைத்தவள்

எல்லோருக்கும் நன்றி. தயிரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது என் அறிவுக்கு எட்டவே இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அளவு பற்றிய பயம் சற்றுத் தணிந்ததும், விரைவாக முடித்துவிடலாம் என்று நேற்று முன்தினம் மதியப் பாலையும் நிறுத்திவிட்டேன். இன்று இரண்டு மார்பும் கல்லைப் போல் கனக்கின்றன. அவளும் மதியம் தூங்கவில்லை. மாலை முழுவதும் சிணுங்கினாள், பசும்பாலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பசியால் அழுகிறாளா, பழக்கத்தால் அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

பாலூட்டல்துணை

பாலூட்டும் தாய்மார்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் நெடுங்காலமாக இருக்கிறேன், அம்மா. முதலில் உங்கள் உடம்பைக் கவனியுங்கள். ஒரு வேளையை நிறுத்தினால் குறைந்தது ஐந்து முதல் ஏழு நாட்கள் பொறுத்திருந்து, மார்பு அதற்குப் பழகிய பிறகே அடுத்த வேளையில் கைவைக்க வேண்டும். சுரப்பைக் குறைக்கச் சொல்லும் செய்தி, மார்பில் தேங்கும் பாலிலேயே இருக்கிறது. வெளியேறாத பால் இருக்க இருக்கச் சுரப்பு தானாகக் குறையும். எனவே இப்போது கனம் தாங்கவில்லை என்று முழுவதையும் பீய்ச்சி வெறுமையாக்கினால், இன்னும் வேண்டும் என்று உடம்பு புரிந்துகொண்டு மேலும் சுரக்கும். வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் சிறிது பீய்ச்சிவிட்டு, குளிர்ந்த துணியை வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடம் சிவந்து, தொட்டால் சூடாக வலித்து, குளிர்காய்ச்சலும் வந்தால் அது மார்பழற்சியாக இருக்கலாம். அதற்கு வீட்டில் வைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திராமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். மதியப் பாலை ஒரு வாரத்துக்குத் திரும்பக் கொடுப்பதில் எந்தத் தோல்வியும் இல்லை.

மறக்கடித்தல் என்றாலே கதவைச் சாத்துவது போல ஒரே நாளில் முடிய வேண்டும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டு வயது வரையிலும், தாயும் குழந்தையும் விரும்பினால் அதற்குப் பிறகும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேலைக்குச் செல்லும் நாட்களில் பகல் வேளைகளை மட்டும் விட்டுவிட்டு, காலையிலும் இரவிலும் கொடுத்துவரும் தாய்மார்கள் ஏராளம். அப்படித் தொடர்ந்தால் பசும்பால் பற்றிய உங்கள் நெருக்கடி பாதியாகக் குறையும். முழுவதும் நிறுத்துவதே உங்கள் விருப்பம் என்றால் அதுவும் உங்கள் உரிமைதான். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் அவளுக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போதும், புதிதாக வேறொருவர் பொறுப்பில் அவளை விடும் முதல் வாரத்திலும் எந்த வேளையையும் குறைக்காதீர்கள். வேலைக்குத் திரும்பும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே பகல் வேளைகளை முடித்துவிடுவது நல்லது.

பசியா, பழக்கமா என்று கேட்டீர்கள். அழுகையை வைத்து அதைப் பிரித்தறிவது கடினம்; உடம்பை வைத்து அறியலாம். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறையாவது டயப்பர் நனைகிறதா, சிறுநீர் வெளிர்நிறமாக இருக்கிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா, விழித்திருக்கும் நேரத்தில் ஓடியாடுகிறாளா என்று பாருங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரம் டயப்பர் உலர்ந்தே இருந்தாலோ, வாய் வறண்டு, கண் குழிவிழுந்து, சோர்ந்து கிடந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எடையைப் பொறுத்தவரை, முதலாண்டில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்கான குழந்தை, இரண்டாம் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து இரண்டரை கிலோவைத்தான் ஒட்டி ஏறும். மாதத்துக்கு 200 கிராம் என்றாலே போதுமானது. வளர்ச்சியின் வேகம் குறைவதால்தான் பசியும் ஒருநாள் இருக்கிறது, மறுநாள் இல்லாமல் போகிறது. வாரந்தோறும் நிறுத்துப் பார்த்தால், முன்பு டம்ளர் செய்த வேலையை இனித் தராசு செய்யும்.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். பால் குறையும் நாட்களில் சில தாய்மார்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், மனம் கனக்கும். சுரப்புக்கான ஹார்மோன்களின் மாற்றமும் அதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. சில நாட்களில் தெளிந்துவிட்டால் சரி; இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கும் மருத்துவர் உண்டு.

இரவுக்காவல்அப்பா

அப்பாக்கள் யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பகல் வேளைகளை என் மனைவி எளிதாக முடித்துவிட்டார். இரவுதான் பெரும்பாடாக இருந்தது. மகன் இரவில் மூன்று முறை விழிப்பான், ஒவ்வொரு முறையும் 'பால், பால்' என்பான். இவ்வளவு கேட்கிறானே, பசிதான் போலும் என்று டம்ளரில் பால் கொண்டுவந்து நீட்டினால் தட்டிவிடுவான். பிறகுதான் எங்களுக்கு உறைத்தது: அவனுடைய அகராதியில் 'பால்' என்றால் அம்மாவின் மடி என்று பொருள். பகலில் அந்தச் சொல்லுக்கு உணவு என்ற பொருளும் இருக்கலாம். நள்ளிரவில் அது தூக்கத்துக்குத் திரும்பும் வழியின் பெயர் மட்டுமே. அதை எத்தனை மி.லி. பசும்பாலாலும் ஈடுகட்ட முடியாது.

அவன் நலமாக வளர்வதால் இரவில் ஊட்ட வேண்டிய தேவை இல்லை என்று மருத்துவரும் உறுதி செய்த பிறகு, நான் அவன் அருகில் படுத்தேன், மனைவி வேறு அறையில் படுத்தார். விழித்தால் முதுகைத் தட்டிக்கொடுப்பேன். மிகவும் கேட்டால் ஒரு வாய் தண்ணீர். முதல் மூன்று இரவுகளை நினைக்கவே விரும்பவில்லை. ஒன்பதாம் இரவு ஒரே ஒருமுறை விழித்தான். படுக்கப்போகுமுன் பால் குடிப்பதானால் குடித்த பிறகு பல் துலக்குங்கள். பாலை வாயில் வைத்துக்கொண்டே உறங்கும் குழந்தையின் முன்பற்கள் சொத்தையாகிவிடும். இரவில் பால் நின்றதும் எங்கள் மகன் காலையில் நல்ல பசியோடு எழுந்தான் என்பது நாங்கள் எதிர்பாராத பயன்.

புதியவள்

இடையில் ஒரு கேள்வி. பசும்பால் குடித்தால் என் குழந்தைக்கு உடலெங்கும் தடிப்பு வருகிறது. பாதாம் பால், அரிசிப் பால் போன்றவற்றைக் கொடுக்கலாமா? 'வளரும் குழந்தைகளுக்கான பால் மாவு' என்று விற்கிறார்களே, அது தேவையா?

உணவுக்கணக்கு

தடிப்பு வருகிறது என்றால் மருத்துவர் பார்க்கும்வரை பாலும் பால் பொருள்களும் வேண்டாம். கூடவே வாந்தியோ மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் அது அவசர நிலை. மாற்றாகப் பார்த்தால், கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்த, இனிப்பூட்டாத சோயாப் பால் மட்டுமே புரதத்தில் பசும்பாலுக்கு அருகில் வருகிறது. பாதாம் பாலில் புரதம் மிகக் குறைவு. அரிசிப் பாலில் ஆர்செனிக் இருப்பதால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாலுக்கு மாற்றாக அதைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டன் அறிவுறுத்துகிறது. சோயாவும் சிலருக்கு ஒவ்வாது என்பதால் இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அந்தப் பால் மாவைப் பொறுத்தவரை, 12 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு அது பரிந்துரைக்கப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. மருத்துவர் ஒரு காரணத்துக்காக எழுதிக் கொடுப்பது வேறு.

தூக்கம்தொலைத்தவள்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். நடுவில் மதியப் பாலை ஒரு வாரத்துக்குத் திரும்பக் கொடுத்தேன். மார்பு தணிந்த பிறகு மெதுவாக நிறுத்தினேன், அந்த முறை வலியே தெரியவில்லை. இரவுப் பாலை அவளுடைய அப்பா பொறுப்பேற்றுப் பதினொரு நாட்களில் நிறுத்தினார். பீய்ச்சிய பாலில் கலந்து கொடுக்கும் முறை எங்களுக்கு உதவவில்லை. இரண்டையும் சேர்த்தே துப்பினாள். உதவியது, நாங்கள் பால் குடிக்கும்போது அவளுக்கும் ஒரு சிறு டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்ததுதான். மூன்றாம் வாரத்தில் தானாகவே எடுத்துக் குடித்தாள். இப்போது காலையும் மாலையும் சேர்த்து 150 முதல் 200 மி.லி. குடிக்கிறாள், தயிர் வழக்கம்போல் 150 கிராம். எடை 9.8 கிலோ, மருத்துவர் திருப்தி தெரிவித்தார், ஆனால் இரும்புச்சத்து பற்றி இங்கே படித்ததை நான் சொன்னதும், அடுத்த முறை வரும்போது ஹீமோகுளோபினையும் பார்த்துவிடலாம் என்றார்.

விடியற்காலைப் பாலை மட்டும் நிறுத்தவில்லை. வேலைக்குச் செல்லும் நாட்களில் அது ஒன்றுதான். விடுமுறை நாட்களில் மட்டும் மதியத்தில் வந்து மடியில் ஏறிக்கொண்டு கேட்கிறாள். கொடுத்தால் மறுபடியும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுமோ?

பாலூட்டல்துணை

திரும்பாது, அம்மா. வாரத்தில் ஓரிரு முறை குடிப்பதால் சுரப்பு பழைய அளவுக்கு ஏறிவிடாது, பசும்பாலையும் அவள் விட்டுவிட மாட்டாள். கொடுக்க உங்களுக்கு விருப்பமிருந்தால் கொடுங்கள். மறுநாள் வேலைக்குப் போகும்போது மார்பு சற்றுக் கனத்தால், வலி தணியும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிடுங்கள்.